பாட்டுக்கு ஒரு வழி, மணிக்கு ஒரு வழி

கசெற் காலத்தில் மன்னார்க் கரையில் ஒலிபெருக்கி கட்டியவர்களுக்கு வேறு கவலைகள் இருந்தன. நாடா சிக்கும், ஜெனறேற்றர் நின்றுபோகும், கடற்காற்றில் உப்பேறிய இணைப்புகள் கரகரக்கும். பாட்டின் நடுவே பாட்டோடு சம்பந்தமில்லாத ஒரு மணி அடிக்கும் என்ற பயம் மட்டும் அவர்களுக்கு இருக்கவில்லை. கசெற் பிளேயருக்குப் பாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. அந்த இடத்துக்கு மடிக்கணினி வந்தது. அது பாட்டையும் போடும், தன் குறைகளையும் சொல்லும், உலகத்துச் செய்திகளையும் வாங்கி வைக்கும். எல்லாவற்றையும் ஒரே வாயால் பேசும். பற்றரி இறங்குகிறது என்று தன் சொந்தக்காரருக்கு மட்டும் சொல்ல வேண்டிய ஒரு ‘டிங்’, மிக்சர் வழியாக அம்பிளிஃபயருக்குப் போய், பந்தலில் நிற்கும் ஸ்பீக்கர் பெட்டிகளிலும் மரத்தில் கட்டிய கொம்புகளிலும் ஊருக்கே கேட்கிறது.

காதில் ஹெட்போன் மாட்டித் தனியாகக் கேட்பவருக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். ஒலிபெருக்கிக்காரருக்கு மானப் பிரச்சினை. அதனால் இந்தக் கேள்வியை அவருடைய மேசையில் வைத்துப் பார்ப்பதே பயன் தரும். கணினியின் எச்சரிக்கை ஒலி பாட்டைக் குழப்பாமல் இருக்கப் பல பத்தாண்டுகளாகப் பலரும் பல வழி சொல்லியிருக்கிறார்கள். எச்சரிக்கையை அடக்கு என்பது ஒன்று. அது ஒலிக்கும்போது பாட்டைத் தணி என்பது இன்னொன்று. இரண்டுக்கும் வெவ்வேறு பாதை போடு என்பது மூன்றாவது. மூன்றாவதுதான் சரியானது என்பது என் கட்சி. முதல் இரண்டும் பரவியதற்கான காரணம், அவை பொத்தான் ஒன்றை அழுத்தினால் முடிகிற காரியங்கள் என்பதே.

பாதையைப் பிரிப்பது கணினிக்காரர் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. மன்னார்க் கரையில் அரிப்பிலிருந்து தெற்கே சிலாவத்துறையைத் தாண்டினால் வரும் கொண்டச்சிக் குடாவில் இருநூறு வருடங்களுக்கு முன்பே அது நடைமுறையில் இருந்தது. 1796இல் இலங்கைக் கரையோரத்தை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்ததும் முதலில் கண் வைத்தவற்றில் ஒன்று இந்தக் குடாவுக்கு எதிரே கிடக்கும் முத்துப் பார்கள். அந்த வருடங்களில் இங்கே படைவீரராக இருந்த ரொபர்ட் பேர்சிவல், 1803இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் கொண்டச்சி முத்துக்குளிப்பை விரிவாக எழுதியிருக்கிறார். இரவு பத்து மணியளவில் அரிப்பில் ஒரு பீரங்கி வெடிக்கும். தோணிகள் எல்லாம் ஒன்றாகக் கரைக்காற்றைப் பிடித்துப் புறப்படும். விடியுமுன் பாருக்குப் போய்ச் சேர்ந்து, சூரியன் எழும்பியதும் குளிக்கத் தொடங்குவார்கள். மதியம் கடற்காற்று எழும்பித் திரும்பச் சொல்லும். தோணிகள் கண்ணுக்குத் தெரிந்ததும் கரையில் மறுபடி பீரங்கி வெடிக்கும், கொடி ஏறும். முதல் போட்டுக் காத்திருக்கும் வியாபாரிகளுக்கு அது அறிவித்தல்.

தோணிக்குள் நடந்ததுதான் நமக்கு முக்கியம். ஒரு தோணியில் அதன் தலைவரான தண்டலைத் தவிர இருபது பேர். பத்துப் பேர் குளிப்பவர்கள், பத்துப் பேர் தண்டு வலிப்பவர்களும் கயிறு பிடிப்பவர்களும். ஐந்து ஐந்து பேராக முறைவைத்து இறங்குவார்கள். கல் கட்டிய கயிற்றைக் கால்விரலில் பிடித்து அடியில் போய், மூச்சு முட்டும்போது கையிலுள்ள கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பார் குளிப்பவர். மேலே இருப்பவர் உடனே தூக்குவார். உயிர் தங்கியிருக்கிற அந்தச் செய்தி காதுக்கு வருவதில்லை, கைக்கு வருகிறது. தோணியில் எத்தனை சத்தம் இருந்தாலும், பக்கத்துத் தோணியில் யார் கூப்பிட்டாலும், கரைவலைக்காரர் அம்பா பாடுவதுபோல யாராவது பாடினாலும் அது கலையாது. ஊருக்கெல்லாம் போகவேண்டிய செய்திக்குப் பீரங்கி, ஒருவருக்கு மட்டும் போகவேண்டிய செய்திக்குக் கயிறு. ஒவ்வொரு குளிப்பவருக்கும் ஒரு பீரங்கி வெடிக்கலாம் என்று யாரும் யோசிக்கவில்லை. நம்முடைய கணினிகள் செய்வது அதைத்தான்.

ஆனால் கணினியும் பிறக்கும்போது இப்படி இருக்கவில்லை. எச்சரிக்கை ஒலியின் வேர் தொலைத்தட்டச்சுப் பொறியில் இருக்கிறது. செய்தி வருகிறது என்று இயக்குநரைக் கூப்பிட அதில் ஓர் உண்மையான மணி இருந்தது. எழுத்துகளோடு எழுத்தாக அந்த மணிக்கும் ஒரு குறியீடு இருந்தது. 1963இல் ஆஸ்கி குறியீட்டு முறை வந்தபோது 7ஆம் எண் மணிக்கு ஒதுக்கப்பட்டது. இன்றும் லினக்ஸ் கணினியின் முனையத்தில் கன்ட்ரோல் விசையோடு ‘ஜி’யை அழுத்தினால் எழும் ஒலி அந்த மணியின் பேரப்பிள்ளை. 1981இல் வந்த ஐ.பி.எம். பீ.சி.யில் உலோக மணி போய் ஒரு சின்னஞ்சிறு ஸ்பீக்கர் வந்தது. பெட்டிக்குள்ளேயே இருக்கும், இன்ரெல் 8253 என்ற நேரக்கணிப்புச் சில்லு அதை இயக்கும். அதனால் ‘பீப்’ தவிர அதிகம் சொல்லத் தெரியாது.

அந்த ஊமை ஸ்பீக்கரின் அருமை பிறகுதான் தெரிந்தது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைக் கொண்டுவந்தது. பாட்டு அந்த அட்டையின் வழியே வெளி ஸ்பீக்கருக்குப் போனது, பீப் பெட்டிக்குள்ளேயே நின்றது. சீ.டீ. போட்டுக் கேட்டால் இன்னும் சுத்தம். சீ.டீ. டிரைவின் முகப்பிலேயே ஹெட்போன் துளை இருந்தது, பாட்டு செயலியைத் தொடாமலே வெளியே வந்துவிடும். கணினி பாதியில் தொங்கிப்போனாலும் பாட்டு ஓடிக்கொண்டே இருந்ததைக் கண்டவர்கள் உண்டு. 1990களின் நடுப்பகுதியில் ஒரு கணினிக்காரர் கேட்ட பாட்டைக் கணினி குழப்புவது, இன்றைக்குக் குழப்புவதைவிடக் கடினம். திட்டமிட்டு யாரும் அப்படிச் செய்யவில்லை. செலவும் வசதியும் அப்படி அமைத்துவிட்டன.

வசதியே அதை மெல்லக் கலைக்கவும் செய்தது. விண்டோஸ் 3.1 தொட்டு எச்சரிக்கைகள் பதிவுசெய்த ஒலிக்கோப்புகள் ஆயின. அவை சவுண்ட் கார்ட் வழியே வந்தன. விண்டோஸ் 95 தொடங்கும் ஒலியைச் செய்ய பிரையன் ஈனோவைப் பிடித்தார்கள். சில விநாடிகளே வரும் அந்தத் துண்டை மக்கின்டொஷ் கணினியில் வைத்துத்தான் செய்தேன் என்று பிற்காலத்தில் அவர் ஒரு நேர்காணலில் சொன்னார். எச்சரிக்கையே இசையாகத் தொடங்கிவிட்டது. சீ.டீ. போய் எம்.பி.3 வந்ததும் பாட்டும் ஒலிக்கோப்பு, மணியும் ஒலிக்கோப்பு, போகும் வாசலும் ஒன்று. 2009இல் வந்த விண்டோஸ் 7 கடைசி வேலியையும் எடுத்தது. பழைய பீப்பைக்கூட உட்பெட்டி ஸ்பீக்கருக்கு அனுப்பாமல், பயனர் தெரிவுசெய்திருக்கும் ஒலிச்சாதனத்துக்கே திருப்பிவிட்டது. ஏற்கனவே பல கணினிகளில் உட்பெட்டி ஸ்பீக்கரே இல்லாமல் போயிருந்ததால் அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் தெரிந்தோ தெரியாமலோ இருந்த பிரிவினை அன்றோடு முடிந்தது.

அப்பிள் பக்கத்துக் கதை வேறு மாதிரி, கொஞ்சம் சிரிப்பானது. பீற்றில்ஸ் குழுவின் அப்பிள் கோர் நிறுவனத்தோடு 1981இல் செய்த உடன்பாட்டின்படி அப்பிள் கணினி நிறுவனம் இசைத் தொழிலில் இறங்கக் கூடாது. மக்கின்டொஷ் ஒலி எழுப்பவும் இசை பதியவும் தொடங்கியதும் வழக்கு மூண்டது. 1991இல் ஏறத்தாழ 26.5 மில்லியன் டொலர் கொடுத்துத்தான் அப்பிள் அதிலிருந்து வெளியே வந்தது. அதே காலத்தில் ‘சிஸ்டம் 7’க்காக ஜிம் ரீக்ஸ் செய்துவைத்த ஓர் எச்சரிக்கை ஒலியின் பெயரில் இசைச் சாயல் இருக்கிறது என்று சட்டப் பகுதி தயங்கியது. அவர் ‘சொசுமி’ என்று பெயர் மாற்றி, ஏதோ ஜப்பானியச் சொல் என்று சொல்லி அனுப்பினார். ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் ‘முடிந்தால் வழக்குப் போடு’ என்று கேட்கும் குறும்பு அதற்குள் இருந்தது பிறகுதான் வெளியே தெரிந்தது. ஒரு விநாடி ‘டங்’ இசையா, அறிவிப்பா என்று வக்கீல்கள் தலையை உடைத்துக்கொண்டது வீண் வேலைபோலத் தோன்றலாம். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் சுருதியோடு சேராத ஒரு மணி வந்து விழும்போது நம் காதும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. இசைபோல இருக்கும் மணியே இசையை அதிகம் கெடுக்கிறது. கதவு தட்டுவதுபோலவோ காகிதம் கிழிவதுபோலவோ ஒலித்திருந்தால் காது அதை வேறாகப் பிரித்து ஒதுக்கியிருக்கும்.

மணி ஏன் இவ்வளவு குத்துகிறது என்பதற்குக் காதின் அமைப்பிலும் காரணம் உண்டு. மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளுக்கு மிகக் கூர்மையானது. எச்சரிக்கை செய்பவர்கள் அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். பாடகர் குரலின் தெளிவும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பாட்டு ஏறி இறங்கும், மணி பெரும்பாலும் உச்ச அளவில் பதிவாகியிருக்கும். இரண்டும் கூடி எல்லை மீறினால் அலை நுனி வெட்டுப்படும், அல்லது அதைத் தடுக்கும் கட்டுப்படுத்தி பாட்டையும் சேர்த்து ஒரு கணம் அமுக்கிவிடும். விமான ஓட்டிகளின் அறையில் இதே குறை இருந்தது. 1982இல் பிரித்தானியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்காக ரோய் பற்றர்சன் எழுதிய வழிகாட்டல், அங்கேயுள்ள எச்சரிக்கைகள் அளவுக்கு மிஞ்சி உரத்தவை, திடீரென்று வெடிப்பவை, விமானிகள் பேசிக்கொள்வதையே தடுப்பவை என்று கண்டது. பின்னணி இரைச்சலில் ஓர் ஒலி கேட்கத் தொடங்கும் அளவைவிட 15 முதல் 25 டெசிபல் கூட இருந்தால் போதும், மெல்ல எழும்பட்டும் என்றார் அவர். விமானத்துக்கே அது போதுமென்றால் பற்றரி இறங்குவதைச் சொல்ல எவ்வளவு வேண்டும்?

ஒரே வாசல் என்றானதும் அந்த வாசலுக்குச் சண்டை வந்தது. 1990களின் லினக்ஸில் ஒரு நிரல் ஒலிச்சாதனத்தைத் திறந்தால் மற்ற நிரல் வெளியே நிற்க வேண்டும். பாட்டு ஓடினால் மணி கேட்காது. மணி முந்திக்கொண்டால் பாட்டு தொடங்காது. கேடீஈ மேசைத்தளத்துக்கு ஆர்ட்ஸ், க்னோமுக்கு ஈசவுண்ட் என்று ஆளுக்கொரு கலவைச் சேவகன் வந்தான், இரண்டும் ஒன்றையொன்று தடுத்தன. லெனார்ட் பொயற்றரிங் 2004இல் தொடங்கிய பல்ஸ்ஓடியோ அதைப் பெருமளவு தீர்த்தது. அது வந்த புதிதில் தந்த தொல்லைகளை மறக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது வேறு விடயம். அதன் பெரிய பங்களிப்பு, ஒவ்வொரு ஒலியோடும் ‘இது பாட்டு’, ‘இது நிகழ்வொலி’, ‘இது தொலைபேசிப் பேச்சு’ என்று ஓர் அடையாளத்தை ஒட்டிவைக்க வழி செய்தது. அடையாளம் இருந்தால்தானே பிரிக்கலாம். இன்று அதன் இடத்துக்கு வந்திருக்கும் பைப்வயரும் அந்த ஏற்பாட்டைக் காப்பாற்றுகிறது. விண்டோஸில் இந்த வேலையை விஸ்ரா பதிப்பு செய்தது. நிரலுக்கு ஒரு சத்தக் கட்டுப்பாடு என்ற கலவைப் பலகை 2007இல் அதனோடு பொதுமக்கள் கைக்கு வந்தது. ‘சிஸ்டம் சவுண்ட்ஸ்’ என்ற தனிக் கோலை அடிவரை இழுத்துவிடலாம் என்பது இன்றும் பலருக்குத் தெரியாத எளிய வைத்தியம்.

அடக்குவது என்ற முதல் விடைக்கு இதுவே உச்சம். கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஒலித் தொகுப்பை ‘ஒலி இல்லை’ என்று மாற்றிவிடலாம், அல்லது இந்தக் கோலை இறக்கிவிடலாம். இரண்டில் எதைச் செய்தாலும் விண்டோஸின் சொந்த ஒலிகள் நிற்கும். ‘தொந்தரவு செய்யாதே’ என்ற ஏற்பாட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது அறிவித்தல்களைத்தான் மறைக்கும். பிழைச்செய்திப் பெட்டி திறக்கும்போது எழும் ஒலியும், யூ.எஸ்.பி. கம்பியைச் சொருகும்போது வரும் ஒலியும் அதற்குக் கட்டுப்படாது. திருவிழா இரவில் பென்டிரைவைச் சொருகாமல் இருப்பாரா ஒலிபெருக்கிக்காரர்? தன் ஒலியைத் தானே எழுப்பும் நிரல்களும் இருக்கின்றன. வட்ஸ்அப், வைரஸ் தடுப்பான், பழைய கணக்கு மென்பொருள் ஆகியவை ஒவ்வொன்றையும் தேடித் தேடி அடக்க வேண்டும். ஒன்று தப்பும். தப்புகிற அந்த ஒன்று, கொடி ஏறுகிற நேரம் பார்த்துத்தான் வரும்.

தணிப்பது என்ற இரண்டாவது விடைக்கு இந்தக் கரையில் ஓர் அழகான முன்மாதிரி உண்டு. மன்னார்க் கரையின் முசலிப் பக்கத்தில் முஸ்லிம் ஊர்களும் கத்தோலிக்க ஊர்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. பள்ளிவாசலில் பாங்கு கேட்டால் கடையில் ஓடும் பாட்டைக் குறைத்துவிடுவது, முடிந்ததும் கூட்டுவது யாரும் எழுதிவைக்காத மரியாதை. இயக்குதளங்கள் செய்யும் தணிப்பும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான், மரியாதை மட்டும் இல்லை. விண்டோஸ் 7 முதல், தொலைபேசிப் பேச்சு தொடங்கினால் மற்ற ஒலிகளை 80 வீதம் குறைப்பதே இயல்புநிலையாக வைக்கப்பட்டது. ‘தொடர்பாடல்’ என்ற தாவலுக்குள் போய் ‘ஒன்றும் செய்யாதே’ என்று மாற்றலாம். அன்ட்ரொய்டில் ஒலிக்க விரும்பும் ஒவ்வொரு செயலியும் ‘ஒலிக்கவனம்’ கேட்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்குத்தான், நீ தணிந்திருந்தால் போதும் என்று கேட்கும் வகையும் அதில் இருக்கிறது. 2017இல் வந்த அன்ட்ரொய்ட் 8 தொட்டு அந்தத் தணிப்பை இயக்குதளமே தானாகச் செய்கிறது. பஸ் ஓட்டுநருக்கு வழி சொல்லும் குரலுக்கு இது மிகச் சரி. ஐரோப்பாவில் கார் வானொலிகள் போக்குவரத்து அறிவித்தலுக்காகப் பாட்டை ஒதுக்கிவிட்டுத் திரும்புவதும் இதே முறைதான்.

தணிப்பது பேச்சுக்குத் தோதானது, மணிக்குத் தோதில்லாதது என்பதே இதில் நான் காணும் குறை. பேச்சு புரிய வேண்டுமானால் பின்னணி இறங்க வேண்டும். அரை விநாடி ‘டிங்’கில் புரிய என்ன இருக்கிறது? அதற்காகப் பாட்டை இறக்கி ஏற்றினால், மணி கெடுத்ததைவிட இறக்கி ஏற்றியதே அதிகம் கெடுக்கும். பாங்குக்குப் பாட்டைக் குறைப்பவர் யாருக்காகக் குறைக்கிறோம் என்று தெரிந்து குறைக்கிறார். இயக்குதளத்துக்கு அந்தத் தெரிவு இல்லை. கூப்பன் விளம்பரத்துக்கும் அது குனியும்.

ஆகவே பாதையைப் பிரிப்பதற்கு வருவோம். மக் கணினியில் இது மிக இலகு. ஒலி அமைப்பில் எச்சரிக்கை ஒலிகள் எந்தச் சாதனத்தில் கேட்க வேண்டும் என்று தனியாகத் தெரிவுசெய்யலாம், அவற்றுக்குத் தனிச் சத்த அளவும் உண்டு. பாட்டு வெளிச் சாதனத்துக்கு, மணி கணினியின் சொந்த ஸ்பீக்கருக்கு. விண்டோஸில் யோசனையைத் தலைகீழாக்க வேண்டும். மிக்சருக்குப் போகும் கம்பியைக் கணினியின் ஹெட்போன் துளையில் சொருகாமல், ஒரு மலிவான யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டில் சொருகுவது முதல் வேலை. விண்டோஸின் இயல்புச் சாதனமாகக் கணினியின் ஸ்பீக்கரையே விட்டுவைத்து, பாட்டுப் போடும் நிரலை மட்டும் யூ.எஸ்.பி. கார்டுக்குத் திருப்ப வேண்டும். வீ.எல்.சி. போன்ற நிரல்களில் ஒலிச்சாதனத்தைத் தெரிவுசெய்ய உள்ளேயே வழி உண்டு. இல்லாத நிரலுக்கு, 2018 ஏப்ரலில் விண்டோஸ் 10க்கு வந்த மேம்படுத்தல் தொட்டு இயக்குதளமே நிரலுக்கு நிரல் சாதனம் மாற்ற விடுகிறது. இப்போது எந்த நிரல் எதைக் கத்தினாலும் அது மேசையிலிருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கு மட்டும் கேட்கும். அடக்க மறந்துபோன நிரலைப் பற்றிய பயம் இல்லை. பற்றரி இறங்குவதும் தெரியும். தோணியில் கயிறு செய்த வேலையை இங்கே அந்தச் சிறு கார்ட் செய்கிறது.

இன்னும் கடுமையான பிரிப்பும் உண்டு. சாதனத்தைத் தனியுரிமையாகப் பிடித்துக்கொள்ளும் முறை சில பாட்டு நிரல்களில் இருக்கிறது. அந்த நிரல் ஓடும்வரை வேறெந்த ஒலியும் அந்தச் சாதனத்துக்குள் நுழைய முடியாது. ஒலியின் மாதிரி வீதமும் மாற்றப்படாமல் போகும் என்பதால், 44.1 கிலோஹேர்ட்ஸில் பதிவான பாட்டை 48க்கு மாற்றுவதைப் பொறுக்காத காதுக்காரர்கள் இதை விரும்புகிறார்கள். லினக்ஸின் பழைய ‘ஒரே ஒருவர்’ கதவு இன்று ஆடம்பரமாகத் திரும்பி வந்திருக்கிறது.

இந்த ஏற்பாடு எல்லாம் ஓட்டையாகும் இடம் ஒன்று இருக்கிறது. பலர் இப்போது பாட்டைக் கோப்பாக வைத்திருப்பதில்லை, உலாவியில் யூடியூபைத் திறந்து போடுகிறார்கள். இயக்குதளத்தின் கண்ணுக்கு உலாவி ஒரு நிரல். பக்கத்துத் தாவலில் திறந்திருக்கும் வட்ஸ்அப்பும், மின்னஞ்சலும், பாட்டும் அதற்கு ஒன்றே. நிரலுக்கு நிரல் பிரித்து வைத்த வேலி உலாவிக்குள் இல்லை. தாவலை வலச்சொடுக்கி அந்தத் தளத்தை ஊமையாக்கலாம், அல்லது பாட்டுக்கென்றே இரண்டாவது உலாவி ஒன்றை வைத்து அதை மட்டும் யூ.எஸ்.பி. கார்டுக்குத் திருப்பலாம். பாட்டின் நடுவே வரும் சவர்க்கார விளம்பரத்தை எந்த அமைப்பும் பிரிக்காது. அதற்கு மருந்து பாட்டைக் கோப்பாகச் சேர்த்துவைப்பதே.

புளூடூத் இன்னொரு ஓட்டை. ஒரே ஹெட்செற்றைத் தொலைபேசியோடும் கணினியோடும் இணைத்து வைத்தால், ஒன்றில் வரும் மணி மற்றதன் பாட்டை வெட்டிவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு. ஒலிவாங்கி தேவைப்படும் நிரல் ஏதாவது விழித்தால் இணைப்பு இசைக்கான முறையிலிருந்து பேச்சுக்கான முறைக்கு இறங்கிவிடும். அதன் மாதிரி வீதம் பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹேர்ட்ஸ்தான், பாட்டு பழைய தொலைபேசிக்குள் போனதுபோல ஆகும். விழா வேலைக்குக் கம்பியே நல்லது என்று பழைய ஒலிபெருக்கிக்காரர்கள் பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் இருக்கிறது.

பாதையை இடத்தால் பிரிப்பதுபோல நேரத்தாலும் பிரிக்கலாம். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மரண அறிவித்தல் நேரம் நினைவிருக்கும். பாட்டுகளுக்காகவே பெயர்பெற்ற ஒரு நிலையம், யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வரும் சாவுச் செய்திகளைச் சேர்த்து, அதற்கென்று வைத்த நேரத்தில் வாசித்தது. செய்தி வரவர நடுப்பாட்டை நிறுத்தி வாசிக்கவில்லை. அந்த நேரம் தெரிந்திருந்ததால் வேலையை விட்டு வந்து கேட்டவர்களும் இருந்தார்கள். பாட்டும் முழுதாக இருந்தது, அறிவித்தலுக்கும் கவனம் கிடைத்தது. அறிவித்தல்களைச் சேர்த்து, பயனர் குறித்த நேரங்களில் தொகுப்பாகத் தரும் வசதியை அப்பிள் தன் தொலைபேசிகளுக்கு 2021இல் ஐஓஎஸ் 15 ஓடு கொண்டுவந்தது. நம் வானொலி அதைப் பல பத்தாண்டு முன்பே செய்து முடித்திருந்தது.

புலனால் பிரிப்பதும் இருக்கிறது. பழைய மக்கின்டொஷில் சத்தத்தைப் பூச்சியத்துக்கு இறக்கிவிட்டால் மணிக்குப் பதிலாகத் திரையின் மேற்பட்டை ஒருதரம் மின்னும். கேட்கும் திறன் குறைந்தவர்களுக்காக விண்டோஸ் 95இலிருந்தே ஒலிக்குப் பதில் திரை மின்னும் ஏற்பாடு உண்டு. அணுகுதிறன் அமைப்புக்குள் புதைந்து கிடப்பதால் அதை ஒலிபெருக்கிக்காரர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. பாட்டு காதை எடுத்துக்கொள்ளும் இடத்தில் எச்சரிக்கை கண்ணுக்குப் போவதைவிட இயல்பானது வேறில்லை.

இத்தனைக்கும் அடங்காத ஒரு வகை எச்சரிக்கை இருக்கிறது, அடங்கவும் கூடாது. 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது, ரயிலோடு ஆட்களைக் கொண்டுபோனது, இந்தப் பக்கம் தலைமன்னாரையும் தாக்கியது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி கிழக்கிலும் தெற்கிலும் முல்லைத்தீவிலும் செய்ததை இலங்கையில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அப்படி ஒரு செய்தி வரும்போது பாட்டு நின்றாக வேண்டும். தொலைபேசிக் கோபுரத்திலிருந்து அந்தப் பகுதியிலுள்ள எல்லாத் தொலைபேசிகளுக்கும் ஒரே தடவையில் போகும் எச்சரிக்கை முறை இதற்காகவே வந்தது. எண் தெரிய வேண்டியதில்லை, நெரிசலில் சிக்காது. 2023இல் இந்தியா அதைச் சோதித்தபோது தமிழ்நாட்டிலும் தொலைபேசிகள் ஒரே நேரத்தில் அலறிப் பலரைத் திடுக்கிட வைத்தன. அந்த அலறல் அருவருப்பாக இருப்பதற்கு நோக்கம் உண்டு, அதை இசையோடு யாரும் குழப்பிக்கொள்ள முடியாது.

அரிப்பின் பீரங்கிக்கு இன்றைய வாரிசு அதுவே. அந்தப் பீரங்கிக்கு மதிப்பு இருந்ததற்குக் காரணம், அது புறப்படவும் திரும்பவும் மட்டுமே வெடித்ததுதான். நாள் முழுவதும் ஒவ்வொரு சிறு விடயத்துக்கும் மணி அடிக்கும் ஒரு பெட்டியை வைத்திருப்பவர், வெறுத்துப்போய் எல்லாவற்றையும் ஒரேயடியாக அமுக்கிவிடுகிறார். அமுக்கியதற்குள் வேண்டியதும் போய்விடுகிறது. மருத்துவமனைத் தாதியர் ஓயாத அலாரங்களுக்குக் காது மரத்துப்போவதாக உலகெங்கும் எழுதப்படுவதும் இதே நோயைப் பற்றித்தான்.

இங்கே ஒலிபெருக்கிக்காரருக்கு ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. பாட்டுக்குத் தன் தொலைபேசியையே பயன்படுத்துபவர் அதை ‘விமானப் பயண’ நிலைக்கு மாற்றிவிட்டால் அழைப்பு மணி ஸ்பீக்கருக்குப் போகாது. ஆனால் அப்போது அவருக்குக் கோபுரத்திலிருந்து எந்த எச்சரிக்கையும் வராது. பழைய தொலைபேசி ஒன்றைச் சிம் இல்லாமல் பாட்டுக்கு ஒதுக்குவது மலிவான தீர்வு. சொந்தத் தொலைபேசி முழுச் சத்தத்தோடு சட்டைப் பையில் கிடக்கட்டும். மிக்சரில் ஒலிவாங்கிக்குரிய கோல் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கடல் பொல்லாத செய்தி வந்தால் பாட்டின் கோலை இறக்கி ஒலிவாங்கியின் கோலை ஏற்ற ஒரு விநாடி போதும். ஊருக்குச் சொல்லவேண்டிய செய்தியைத் தெரிந்த குரல் ஒன்று தமிழில் சொல்லட்டும், எங்கே போகவேண்டும் என்பதையும் சேர்த்து.